முப்பிடாதியின் தூக்குக்குண்டு

"இன்னும் கொஞ்சம் மேல," என்றார் காஜா முஹ்யித்தீன்.

முப்பிடாதி கொத்தனார் கரித்துண்டோடு குதிகாலைத் தூக்கினார். "மொதலாளி, இதுக்கு மேல போனா செவத்து மாடத்துக்குன்னு தனியா சாரம் கெட்டணும். அப்பிடி என்னத்த வைக்கப் போறிய?"

"கண்ணாடியும் கடியாரமும்தான். கொழும்புல நான் படுத்த அறையில பலகை இந்த ஒசரத்துல இருந்திச்சு. இருவது வருசம். இருட்டுல எந்திரிச்சாலும் கை தானா அங்க போவும். இங்கன வந்த நாளுலேர்ந்து வெறுஞ்செவரத் தடவிக்கிட்டுத் திரியுதேன்."

சொல்லிக்கொண்டே, புதிதாக எழும்பியிருந்த மூலைச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, அரைத் தூக்கத்தில் எழுந்தவரைப் போலக் கையைப் பக்கவாட்டில் தூக்கினார். விரல்நுனி தொட்ட இடத்தில் கொத்தனார் ஒரு கரிக்கோடு இழுத்தார்.

வாசல் திரைக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி ரஹ்மத்துன்னிஸாவுக்குச் சிரிப்பு வந்தது. "ஏங்க, எனக்கு எட்டாதுல்லா?"

"ஒனக்கு எதுக்கு எட்டணும்? அதான் நான் கொண்டாந்த தேக்குப் பெட்டிய முழுசா எடுத்துக்கிட்டியே. எட்டாட்டி என்னயக் கூப்புடு."

அதற்குப் பிறகு நடுப்பகல் லுஹர் தொழுதார். மீன் ஆணத்தில் புளி கூடிவிட்டது என்று குறை சொல்லி, இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலத் தொழுகைக்கு, அசருக்கு எழுப்பிவிடு என்று சொல்லிவிட்டுப் படுத்தார். பாங்கு சொன்னதும் ரஹ்மத்துன்னிஸா போய் அவர் காலைத் தொட்டாள். கால் சில்லென்று இருந்தது. பின்பக்கத்தில் முப்பிடாதி சாந்து குழைக்கும் சத்தம் அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது.

வீடு ரஹ்மத்துன்னிஸாவுடையது. காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து இருப்பார். காஜா முஹ்யித்தீன் அப்படி வந்து இருந்ததைக்கூட விருந்தாளியாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து வருவார், நாலைந்து மாதம் இருப்பார், தோணியேறிவிடுவார். பிறந்த பிள்ளைகள் இரண்டும் தங்கவில்லை. அந்தப் பங்குனியில் கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு, கடையைப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டு வந்தவர், இனி போவதில்லை என்று சொன்னார். சொன்னதோடு நில்லாமல் பின்கட்டைத் திருத்தத் தொடங்கினார். கறையான் அரித்த மண்சுவரை இடித்துவிட்டுக் கல்சுவர் வைக்க வேண்டும், அதில் தனக்கென்று ஒரு மாடம் வேண்டும், காற்றுக்குப் பின்கட்டிலேயே கட்டில் போட வேண்டும் என்றெல்லாம் திட்டம். ஆவணியில் மண்சுவரை இடித்தார்கள். உத்திரத்துக்குப் பனங்கால்களை முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். ஒரு மூலை மட்டும் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பியது. மற்றதெல்லாம் வெட்டவெளி. அந்த மூலையோடுதான் வேலை நின்றது.

அடக்கம் முடிந்தது. பெண்கள் வந்து அவளுக்கு வெள்ளை உடுத்தினார்கள். கணவரை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவுக்குப் பின்கட்டைத்தான் ஒதுக்கினார்கள். முன்கட்டில் ஆண்கள் வந்து ஓதுவார்கள், போவார்கள். நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் கண்ணில் படாமல் இருக்க வேண்டியவளைச் சுவர் இல்லாத அறையில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். அந்தக் கூத்தை முதலில் பார்த்துச் சொன்னவள் தங்கை சக்கீனா. பக்கத்து வீடுதான் அவளுக்கு. நடுவில் ஒரு வாசல் உண்டு, தெருவில் இறங்காமலே வந்து போகலாம்.

"ராத்தா, தோப்புல தேங்கா பறிக்கிறவன் மேலேருந்து பாத்தா நம்ம அடுப்புல என்ன வேவுதுன்னே சொல்லிருவான்."

வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு. அதன் நடுவே கடலுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை. வலைக்குப் போகிறவர்கள் விடிவதற்கு முன்னே போவார்கள், வெயில் ஏறியதும் வருவார்கள். மூத்த அண்ணன் நெய்னா காக்கா எங்கிருந்தோ பழைய பாய்த்துணி ஒன்று கொண்டுவந்து, உத்திரத்திலிருந்து தரைவரை கட்டிவிட்டுப் போனார். தோணியில் காற்றைப் பிடித்துப் பழகிய துணி. வீட்டிலும் காற்றைப் பிடித்தது. பகலெல்லாம் புடைத்துப் புடைத்து அடங்கும். ஓரத்தை ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தொழும்போது ரஹ்மத்துன்னிஸா அதன் அடிநுனியில் அம்மிக்குழவியைத் தூக்கி வைப்பாள்.

முப்பிடாதி அடக்கத்தன்று வந்து தெருமுனையில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார் என்றார்கள். அதன்பின் ஆள் இல்லை. அவர் குழைத்து வைத்த சாந்து தோப்போரத்தில் குவியலாகவே இறுகிக் கல்லானது. சுவர் நேராக ஏறுகிறதா என்று பார்க்கும் அவருடைய தூக்குக்குண்டு மட்டும் மூலைச் சுவரின் உச்சியில் அடித்த ஆணியிலிருந்து நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. பித்தளைக் குண்டு, பம்பரம் போல் முனை கூர்த்தது. காற்றடித்தால் லேசாகச் சுற்றும்.

அந்தக் குண்டுதான் தொல்லையாகப் போனது. நெய்னா காக்கா வேறு கொத்தனார் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் தோப்புப் பக்கமாக வந்து சுவரைப் பார்த்தார், குண்டைப் பார்த்தார், கரண்டியைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

"யார் குண்டு இது?"

"முப்பிடாதியோடது."

"குண்டு தொங்குற செவத்துல நான் கை வச்சா நாளைக்கு என் செவத்துல எவனும் வைப்பான் அண்ணாச்சி. அவன எடுக்கச் சொல்லுங்க. நான் வாரேன்."

அடுத்து வந்தவரும் அதையேதான் சொன்னார். வேலையைப் பாதியில் விட்டுப் போகிற கொத்தன், வேலை தன்னுடையதுதான் என்று காட்டக் குண்டைத் தொங்கவிட்டுப் போவது அவர்களுக்குள் வழக்கமாம். நெய்னா காக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது. "நாலு மொழம் நூலுல வீட்டையே கெட்டிப் போட்டுட்டுப் போயிட்டான்," என்று சக்கீனாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

முப்பிடாதி தூத்துக்குடியில் இருப்பதாகத் தகவல் வந்தது. பட்டாளத்துக்காரர்களுக்குக் கொட்டகை கட்டுகிற ஒப்பந்தக்காரர் ஒருவர், கரண்டி பிடிக்கத் தெரிந்தவர்களையெல்லாம் அள்ளிக்கொண்டிருந்தார். நெய்னா காக்கா ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் நின்று, கூடப்பிறந்தவர்தான் என்றாலும் பழக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஆளப் பாத்தேன். நல்ல மரியாதையாத்தான் பேசுதான்."

"என்ன சொல்லுதாரு?"

"இத்தா வீட்டுக்குள்ள ஆம்பள மூச்சே படக்கூடாதுன்னு சொல்லியிருக்காவளாம் அவங்கிட்ட. அந்தப் பாவத்த நான் கெட்டிக்க மாட்டேன் மொதலாளி, நாச்சியாரு இத்தா முடிச்சு எந்திரிக்கட்டும், மறுநாளே வந்து நிப்பேன்னு சொல்லுதான். நம்ம ஆள்களுக்கே இப்ப அவ்வளவு பேணுதல் இல்ல."

ஊரிலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். ஓத வந்த பெண்கள் பாய்த்துணியைப் பிடித்தபடி உட்கார்ந்துகொண்டு, முப்பிடாதியின் நல்ல குணத்தைச் சொன்னார்கள். ரஹ்மத்துன்னிஸா கேட்டுக்கொண்டிருந்தாள். தன் இத்தாவைக் காப்பாற்றத்தான் தன்னை இப்படித் திறந்து போட்டிருக்கிறார் கொத்தனார் என்பதை யாருக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பேசாம என் வீட்டுக்கு வந்துரு," என்றார் நெய்னா காக்கா. "ஆலிம்சாகிட்டயும் கேட்டுட்டேன். இருக்கிற வீட்டுல பயம் இருந்தா மாறிக்கிடலாம்னு சொல்லுதாவ."

"எனக்குப் பயம் இல்லையே காக்கா."

"மழ வந்தா?"

"மழைக்கா பயம்?"

"பின்ன என்னதான் வேணும் ஒனக்கு?"

"செவரு வேணும்."

அவர் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. இருபது வருஷத்தில் காஜா முஹ்யித்தீன் அந்த வீட்டில் இருந்த மாதங்களைச் சேர்த்தால் சொற்பம்தான். தங்கிவிடுகிறேன் என்று சொல்லித் தங்கிய இடம் இந்தப் பின்கட்டு. கடைசியாகப் படுத்ததும் இங்கேதான். இத்தாவை இங்கேயே முடித்துவிட வேண்டும். காக்கா வீட்டு மாடியில் மதினிமார் பார்த்துக்கொள்ள உட்கார்ந்திருக்க முடியாது. அதற்கு ஒரு சுவர் வேண்டும். அவ்வளவுதான்.

ஐப்பசி பிறந்தது. வாடைக்காற்று எழும்பியதும் பாய்த்துணி நடுவில் கிழிந்தது. சக்கீனா சாக்குத் துண்டை வைத்துத் தைத்தாள். மறுநாள் அதற்குப் பக்கத்தில் கிழிந்தது. ஒருநாள் காலை துணி முழுதாக மேலே ஏறி உத்திரத்தில் சுற்றிக்கொண்டது. பாதையில் கூடையோடு போன வலைக்காரர் ஒருவர் சட்டென்று முகத்தைத் திருப்பி, தென்னையைப் பார்த்தபடியே நடந்து, அடுத்த தென்னையில் முட்டிக்கொண்டார். சக்கீனா சிரித்தாள். ரஹ்மத்துன்னிஸாவும் சிரித்தாள், கணவர் போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. சிரித்து முடித்ததும் அவளுக்கு ரொம்ப அலுப்பாக இருந்தது. எழுந்து, முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஆணியிலிருந்து நூலை அவிழ்த்துத் தூக்குக்குண்டை இறக்கினாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"அத எதுக்கு ராத்தா எடுத்தே?"

"காத்துல கெடந்து சுத்துது. பாக்க முடியல."

தீபாவளிக்கு முப்பிடாதி ஊருக்கு வந்தார். புதுவேட்டி கட்டிக்கொண்டு தோப்பு வழியாக வந்து நின்று, மூலைச் சுவரை அண்ணாந்து பார்த்தார். ஆணி மட்டும் இருந்தது.

"சக்கீனா ஆச்சி, இருக்கியளா? எங் குண்டக் காணும்."

சக்கீனா பாய்த்துணியின் இந்தப் பக்கம் நின்றாள். "குண்டு இருக்கு கொத்தனாரே. எங்க ராத்தா தலமாட்டுல இருக்கு. உள்ள வந்து எடுத்துக்கிடுங்க."

"அதெப்பிடி ஆச்சி. இத்தா வீடுல்லா."

"அப்ப இத்தா முடியட்டும்."

"அது எங்க அப்பன் குண்டு ஆச்சி. தூத்துக்குடி மேஸ்திரிக்காரன் ஓட்டக் குண்டு ஒண்ணு தந்திருக்கான். அதத் தொங்கவிட்டா செவரு என்னயப் பாத்துக் கும்புடுது. அத வச்சு வேல பாத்தா எம் பேருல்லா கெட்டுப்போவும்."

இத்தா இருப்பவள் குரல்கூட வெளியே கேட்கக்கூடாது என்பார்கள். ரஹ்மத்துன்னிஸா எழுந்து துணிக்கு அருகே வந்தாள்.

"கொத்தனாரே."

வெளியே காலடி இரண்டு எட்டு பின்னால் போனது.

"நான்தான் பேசுதேன். எம்மேல உள்ள மரியாதையிலதான நீங்க வராம இருந்திய?"

"ஆமா தாயி. பாவம்லா."

"உள்ள வந்தாத்தான பாவம். வெளிய நின்னு கெட்டுங்க."

முப்பிடாதி மூலைச் சுவரை வெளிப்பக்கமாக ஒருமுறை தடவிப் பார்த்தார். "வெளிய நின்னு கெட்டலாம்," என்றார் பிறகு, அந்த யோசனை தனக்கு வராமல் போனதை ஒத்துக்கொள்ளாத குரலில். "ஆனா குண்டு இல்லாம எப்பிடி தாயி செவரு கெட்ட?"

"காலையில சக்கீனா தருவா. சாயங்காலம் திருப்பித் தந்துட்டுப் போங்க. செவரு முடிஞ்சதும் ஒங்க குண்டு ஒங்களுக்கு."

"அடகு வச்ச மாதிரில்லா இருக்கு."

"நீங்க வச்ச மாதிரிதான்," என்றாள் சக்கீனா.

மறுநாளிலிருந்து வேலை நடந்தது. காலையில் துணியின் ஓரத்தைத் தூக்கிச் சக்கீனா குண்டை நீட்டுவாள். சாயங்காலம் அதே ஓரத்தில் ஒரு கை அதைத் திருப்பித் தரும். கரண்டி சத்தமும், சித்தாளிடம் கொத்தனார் போடும் சண்டையும் உள்ளே கேட்கும். துணிக்கு அடியிலிருந்து கல் வரிசைவரிசையாக ஏறியது. ரஹ்மத்துன்னிஸா பாயில் உட்கார்ந்து தஸ்பீகு மணியை உருட்டியபடி பார்த்துக்கொண்டிருப்பாள். சுவர் இடுப்பளவு வந்ததும் அடுப்பை மறுபடி மூட்ட முடிந்தது. நெஞ்சளவு வந்ததும், உட்கார்ந்து தொழுதவள் நின்று தொழுதாள்.

"தாயி," என்று ஒருநாள் குரல் வந்தது. "மாடத்த விட்டுருவமா? மாடம் உள்பக்கம்லா. வெளிய நின்னு வைக்கது கஷ்டம்."

"மாடம் வேணும்."

"மொதலாளிக்காவத்தான கேட்டது..."

"வைங்க கொத்தனாரே."

"சரி தாயி. ஒசரம்? கோடு உள்ளல்லா இருக்கு."

குண்டின் நூலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். முக்காலியில் ஏறி, நூலின் ஒரு நுனியைக் கரிக்கோட்டில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். சக்கீனா தரையில் உட்கார்ந்து மறுநுனியை இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்டாள். சுருட்டி வெளியே கொடுத்தார்கள்.

அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. முப்பிடாதிக்குத் தூத்துக்குடி திரும்ப வேண்டிய அவசரம். மேஸ்திரி இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். சாரத்தில் நின்று எட்டி எட்டி, உள்பாதியைக் காலியாக விட்டு வெளிப்பாதியில் கல் வைத்து, மேலே ஒரு பலகைக்கல்லைத் தூக்கிப் போட்டு மாடத்தை மூடினார். சாயங்காலம் அவர் போன பிறகு ரஹ்மத்துன்னிஸா போய்ப் பார்த்தாள். கையைத் தூக்கினாள். மாடத்தின் அடிக்கல் கைக்கு நன்றாக எட்டியது. கரிக்கோடு பக்கத்துச் சுவரில் ஒரு சாண் மேலே இருந்தது.

காலையில் சொன்னாள். "கொத்தனாரே, மாடம் எறங்கிப் போச்சு."

"எறங்காதே தாயி. நூலு அளவுதான்."

"நூல எங்க வச்சு அளந்திய?"

வெளியே கரண்டி நின்றது. "ஏளா, நேத்து நூல எங்க ஊனுன?" என்று சித்தாளைக் கேட்பது கேட்டது. "நீருதான் சொன்னீரு, மண்ணுல ஊனச் சொல்லி," என்றாள் அவள். வீட்டின் உள்தரை தோப்பு மண்ணைவிட ஒரு சாண் உயரம். எந்தக் கொத்தனாருக்கும் தெரிந்ததுதான். உள்ளே காலை வைத்திருந்தால் காலே சொல்லியிருக்கும். இருபத்தைந்து வருஷமாக வீடு கட்டுகிற முப்பிடாதி, ஒரு வீட்டின் சுவரை உள்ளே வராமல் கட்டியது அந்த ஒருமுறைதான்.

"மோசம் போயிட்டேன் தாயி. இடிச்சு ஏத்திரலாம். ரெண்டு நாளு கூடுதல் ஆவும். கெழக்க பாத்தியளா, எப்பிடிக் கருத்துட்டு வருதுன்னு?"

சுவருக்கும் உத்திரத்துக்கும் நடுவில் மிஞ்சியிருந்த இடைவெளியில் அவள் வானத்தைப் பார்த்தாள். கருத்துத்தான் இருந்தது. சுவர் ஈரமாக இருந்தது. இடிக்கச் சொல்லலாம். இரண்டு நாள் என்றால் நாலு நாள். நாலு நாளில் மேஸ்திரியின் ஆள் மறுபடி வருவான். அப்புறம் இந்தச் சுவரும் அந்த மூலையைப் போல நிற்கும். சக்கீனா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்," என்றாள் ரஹ்மத்துன்னிஸா. "செவர மூடுங்க."

மூடினார். கடைசி வரிசையை உத்திரத்தோடு இறுக்கி, பனங்கால்களை வெளியே உருவி எடுத்துச் சந்துகளை அடைத்தார். பாய்த்துணியைச் சக்கீனா மடித்து வைத்தாள். பின்கட்டில் அத்தனை நாளுக்குப் பிறகு நிழல் விழுந்தது. காற்றின் இரைச்சல் வெளியே தள்ளிப் போனது. அன்று ரஹ்மத்துன்னிஸா பகலிலேயே படுத்துத் தூங்கிவிட்டாள். எழுந்தபோது சக்கீனா இடுப்பில் கைவைத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ராத்தா, குண்டு?"

இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது. சுவர் அடைந்துவிட்டால் குண்டைத் திருப்பி வாங்க ஓரம் எங்கே இருக்கிறது. உள்பூச்சும் வெள்ளையும் பாக்கி என்று பேச்சு. குண்டு கையில் இருக்கும்வரை அந்தப் பேச்சுக்கு மதிப்பு. அவர்கள் சுவரைக் கேட்டார்கள், சுவர் வந்துவிட்டது. முப்பிடாதி குண்டோடு அன்றைய மாலை ரயிலிலேயே போயிருந்தார்.

இத்தா மார்கழி முடிவில் முடிந்தது. ஆலிம்சா துஆ ஓதினார். பெண்கள் வந்து குளிக்க வைத்து, கையைப் பிடித்துத் தெருப்பக்கம் அழைத்துப் போனார்கள். இந்த வீட்டிலேயே இருந்து முடித்தாள் என்று யாரும் தனியாகச் சொல்லவில்லை. சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

முப்பிடாதியை அதற்குப் பிறகு பலமுறை பார்த்தார்கள். சக்கீனா கடைத்தெருவுக்குச் சொல்லியனுப்புவாள். "பூச்சு பாக்கி இருக்குன்னு தெரியும்லா. தை பொறக்கட்டும்," என்று பதில் வரும். தை போகும். "சுண்ணாம்பு நல்ல சுண்ணாம்பா வரட்டும்," என்று வரும். பட்டாளத்து வேலை முடிந்த பிறகு உப்பளத்து வேலை வந்தது. ஒரு பெருநாளன்று தானே வீட்டு வாசலுக்கு வந்து நின்று, "நாச்சியாரு சொகமா இருக்காவளா, அந்தப் பூச்ச மட்டும் நான் மறக்கவேயில்ல," என்று சொல்லி, கொடுத்த வட்டிலப்ப இனிப்பைக் கிண்ணத்தோடு வாங்கிக்கொண்டு போனார். இத்தா முடிந்த வீடு. உள்ளே வரத் தடை ஒன்றும் இல்லை. வந்து சுவரைப் பார்க்கவில்லை.

ஜப்பான் சண்டை ஓய்ந்தது. ஊர் ஆண்கள் மறுபடி கொழும்புக்கு ஏறினார்கள். நெய்னா காக்கா ஒருநாள் பின்கட்டுக்கு வந்தவர் கல்லும் சாந்தும் பல்லிளிக்கும் சுவரைப் பார்த்தார்.

"இப்பந்தான் குண்டு ஒண்ணும் தொங்கலல்லா. வேற ஆளு வச்சுப் பூசி வெள்ளையடிச்சிருவோமே, அந்தக் கரிக்கோடும் மறைஞ்சிரும். ஒரு நாள் வேல."

"இருக்கட்டும் காக்கா."

"அந்தப் பய வருவான்னா பாத்துக்கிட்டிருக்கே?"

"அவரு எங்க வரப் போறாரு."

"பின்ன?"

தேநீர் ஆறுகிறது என்று முன்கட்டுக்குக் கூட்டிப் போனாள்.

மாடத்தில் மூக்குக்கண்ணாடியும் கடிகாரமும் இருக்கின்றன. கடிகாரத்துக்கு அவள்தான் சாவி கொடுக்கிறாள். எடுக்கவும் வைக்கவும் முக்காலி தேவையில்லை. சுவர் இன்னும் பூசாமலே இருக்கிறது. கரிக்கோடு மாடத்துக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது.